சோஸ்யோ சித்தப்பாவும் மேலேறி வரும் ஊரும்

எங்கள் சோஸ்யோ சித்தப்பாவுக்கு இரண்டு தித்தீனா. ஒன்று சித்தி. இன்னொன்று படகு. சித்தி பெயரைத்தான் படகுக்கு எழுதியிருந்தார். இரண்டும் காலையில் கிளப்பும்போது ஒரே மாதிரி இருமும் என்று நான் ஒரு தடவை சொல்லப்போய், சித்தி எனக்கு இரண்டு நாள் பூண்டு உரிக்கும் வேலை கொடுத்தாள்.

படகுக்கு அடிவயிறு கண்ணாடி. பக்கவாட்டிலும் கண்ணாடி. உள்ளே இறங்கி பெஞ்சில் உட்கார்ந்து குனிந்தால், கடலுக்கடியில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ரோமாக்காரர்களின் ஊர் தெரியும். தெரு தெரியும், குளியல் தொட்டி தெரியும், கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்த கூடம் தெரியும், மூக்கு உடைந்த சிலைகள் தெரியும். எங்கள் ஊர் பாக்கோலிக்கு லீவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் குளிக்க வருகிறார்கள். மீதிப் பேர் இதைப் பார்க்க வருகிறார்கள். பார்த்துவிட்டு மேலே வந்ததும் எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான்.

"எப்படிங்க இவ்ளோ பெரிய ஊரு தண்ணிக்குள்ள போச்சு?"

"மெதுவா," என்பார் சித்தப்பா. "அவசரமே இல்ல. சட்டி பானையெல்லாம் கட்டிக்கிட்டுக் கெளம்ப அவங்களுக்கு நேரம் இருந்துச்சு."

"மறுபடி மேல வருமா?"

"வந்தா சாவி யார்கிட்ட இருக்குன்னு தேடணும்," என்று சிரிப்பார். லீவுக்காரர்களும் சிரிப்பார்கள். இந்தக் கோடைவரை நானும் சிரித்தேன்.

எங்கள் பக்கம் தரை மூச்சு விடுகிற தரை. பக்கத்து ஊர் பொத்சுவோலியில் இருந்து எங்கள் கடைத்தெரு வரைக்கும் அடியில் நெருப்பு படுத்திருக்கிறது. அது புரண்டு படுத்தால் தரை ஏறும், களைத்துப்போனால் இறங்கும். காற்று அந்தப் பக்கம் இருந்து வந்தால் அழுகின முட்டை வாடை. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள், நாங்கள் மழை வருமா என்று பார்ப்போம்.

எண்பத்து மூன்றில் அது நன்றாகப் புரண்டது. சித்தப்பா அப்போது என் வயதுப் பையன். வீட்டுச் சுவரில் கை நுழைகிற விரிசல். ஊரே கடற்கரையில் கூடாரம் போட்டுக் கிடந்ததாம். பக்கத்துக் கூடாரத்துப் பெண் இவர்கள் பாஸ்தா வேகவைக்கிற சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் திருப்பித் தரவே இல்லை. அந்தச் சட்டி இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பின்னால் சட்டியோடு அந்தப் பெண்ணும் வந்து சேர்ந்தாள், அவள்தான் தித்தீனா சித்தி.

அந்த வருஷம் என் தாத்தாவின் மட்டி வளர்க்கிற கயிறுகள் எல்லாம் தண்ணீர் இல்லாமல் சேற்றில் கிடந்தன. தாத்தா ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அந்தச் சேற்றில் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "கடல் எறங்கிப் போயிருக்கு. போனது வரும்." யாராவது தரை ஏறியிருக்கிறது என்று சொன்னால் தரையில் துப்புவார். அப்படிச் சொன்னால் அது கேட்டுக்கொண்டு இன்னும் ஏறுமாம். பிறகு தரை நிஜமாகவே இறங்க ஆரம்பித்தது, தண்ணீரும் திரும்பி வந்தது. தாத்தா ஜெயித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் தரை ஏறுவதே கிடையாது. கடல்தான் இறங்கும்.

இப்படி ஜெயித்த அப்பனுக்குப் பிள்ளையாகப் பிறப்பது எவ்வளவு ஆபத்து என்று இந்த ஆகஸ்டில்தான் பார்த்தேன்.

சித்தப்பாவின் படகு ஓட்டம் எப்போதும் இரண்டு பாகம். முதலில் முனையை ஒட்டி சிலைகள் இருக்கிற இடம். அங்கே இன்ஜினை நிறுத்தி, மிளகும் பன்றிக்கொழுப்பும் போட்டுச் சுட்ட தரல்லி ரொட்டி வளையம் ஒன்றை நொறுக்கித் தண்ணீரில் போடுவார். "கீழ இருக்கறவங்களுக்கு," என்பார் பயபக்தியாக. உடனே மீன்கள் சிலையைச் சுற்றி மொய்க்கும். லீவுக்காரர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்து 'ஆ' என்பார்கள். பக்திக்குப் பக்தி, வியாபாரத்துக்கு வியாபாரம்.

இரண்டாவது, புகையும் மேடு. கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ரோமாக்காரர்கள் துறைமுகத்துக்குக் காவலாகக் கடலில் கட்டிய தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு அறை அகலம். நடுவில் எல்லாம் அடியிலிருந்து சூடான குமிழி வரும். கரையில் இருக்கிற கோட்டையின் கொடிமரத்தை ஒரு மரத்தோடும், மாதா கோயில் மணிக்கூண்டை ஒரு பாறையோடும் நேர்ப்படுத்திப் பார்த்துக்கொண்டே சித்தப்பா படகை விடுவார். மிகச் சரியாக மூன்றாவது தூணுக்கு மேலே போவார். இருட்டிலிருந்து ஒரு பெரிய பாசி பிடித்த தலை எழுந்து கண்ணாடிக்கு அடியில் மெல்ல நகர்ந்து போகும். உள்ளே இருப்பவர்கள் அலறுவார்கள். அந்த அலறலுக்காகத்தான் சித்தப்பா உயிரோடிருந்தார் என்று சொன்னால் தப்பில்லை.

படகில் ஆழம் காட்டுகிற கருவி ஒன்று உண்டு. அந்தக் குமிழிகளுக்கு மேலே போனால் அது கண்டபடி கூவும், ஒரே நிமிஷத்தில் மலையும் காட்டும், பாதாளமும் காட்டும். அதனால் சித்தப்பா அதை அணைத்து அதன்மேல் தன் பெயர்கொண்ட புனிதர் சான் சோஸ்யோ படத்தை ஒட்டிவிட்டார்.

அந்த மூன்றாவது தூண் எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே இறங்கக் கூடாது என்று ஒரு பலகை மிதக்கிறது. பலகை யாரையும் துரத்தி வராது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது தூண் மேல் நின்று கையை உயர்த்தினால் விரல் நுனி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரியும். போன வருஷம் நின்றபோது மூக்குக்கு மேலே தண்ணீர். இந்த ஜூனில் தாடை. ஆகஸ்டுத் திருநாளுக்கு முந்தின நாள் நின்றேன். கழுத்துக் குழி காய்ந்திருந்தது.

நேரே படகுத்துறைக்குப் போனேன். சித்தப்பா பழைய பேப்பரையும் காடியையும் வைத்துக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, மூணாவது தூண்ல நின்னேன். தண்ணி இங்கதான் இருக்கு."

திரும்பி என் கழுத்தைப் பார்த்தார். "நீ வளந்துட்ட, கழுத."

"ஜூன்ல தாடைக்கு இருந்துச்சு. ரெண்டு மாசத்துல இவ்ளோ வளருவாங்களா?"

"உங்கப்பன் ஒரே கோடையில ஒட்டகமா ஆனான். உன் சித்திகிட்ட கேளு, உனக்குப் பாவாடைக்கு ஒட்டுப் போட்டே அவ கண்ணு போச்சு."

பையிலிருந்து ஒரு மட்டியை எடுத்துக் காட்டினேன். தூண் உச்சியிலிருந்து பிடுங்கியது. அதன் ஓட்டில் நீலமாக ஒரு கீறல். படகின் அடிக்கு அடித்திருக்கிற அதே நீலம்.

"இதப் பாருங்க. ஏற்கனவே உரசியிருக்கு."

"மட்டி எப்பவும் நீலந்தான்டீ."

"பெயிண்டு சித்தப்பா!"

அவர் மட்டியை வாங்கிப் பார்த்தார், முகர்ந்தார், கடலில் போட்டார். "போன வாரம் ஆக்டோபஸ் என் தொப்பியப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்குன்னு சொன்ன. நான் துணியோட குதிச்சேன். அதுக்கு முன்னாடி, படகோட காத்துக் குழாய்ல வாய வெச்சு 'என் மூக்கு எங்கே'ன்னு சிலை பேசற மாதிரிப் பேசி, ஒரு ஜெர்மன்காரம்மாவ மயக்கம் போட வெச்ச. இன்னிக்குத் தூணு வளருதுங்கற. நாளைக்குக் கோட்டை குட்டி போட்டிருக்கும்."

"தரை ஏறுது சித்தப்பா."

அவர் தரையில் துப்பினார். அவ்வளவுதான் பேச்சு.

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சித்தி வசந்த காலத்திலேயே மேல் அலமாரித் தட்டுகளை எல்லாம் இறக்கித் தரையில் அடுக்கிவிட்டாள். அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வாசலில் ஒரு பை எப்போதும் தயாராக இருந்தது. அந்தப் பையைத் தாண்டித்தான் சித்தப்பா தினமும் வெளியே போவார். காலை சற்று உயர்த்தித் தாண்டுவார், ஆனால் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

மறுநாள் மாதா விண்ணேற்புத் திருநாள். காலைக் காப்பி குடிக்கும்போதே தரையில் ஒரு ஆட்டம் வந்தது. சின்னதுதான். கோப்பைகள் தட்டுகளில் ஏதோ கிசுகிசுத்தன. தெருவில் ஒரு நாய் குரைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டது. சித்தி கண்ணாடி டம்ளர்கள் மேல் கையை வைத்தபடி நின்றாள். சித்தப்பா மீசையைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்குக் கூட்டம் நல்லா இருக்கும்," என்றார்.

கூட்டம் என்று வந்தது ஆறு கன்னியாஸ்திரிகள். பெனெவென்தோவிலிருந்து லீவுக்கு வந்தவர்கள். காலையிலேயே பூசை பார்த்துவிட்டு, தக்காளி அடைத்த ரொட்டிப் பொட்டலங்களோடு துறையில் வரிசையாக நின்றார்கள். மூத்தவர் மதர் எர்சிலியா. ஆள் குட்டை, குரல் நெட்டை.

"பெனெவென்தோவா மதர்? அது சூனியக்காரிங்க ஊராச்சே," என்றார் சித்தப்பா.

"அதனாலதான் எங்கள அங்க போட்டிருக்காங்க," என்றார் மதர். "உங்க ஊரு மட்டும் என்ன? ரோமாக்காரன் ஆடாத ஆட்டமெல்லாம் இங்கதான ஆடினான்? எங்க சிஸ்டர்மாருக்குப் பாவம் முங்கிக் கெடக்கறதக் காட்டலாம்னு கூட்டியாந்தேன்."

"நல்லாக் காட்டறேன். கண்ணாடி தொடச்சு வெச்சிருக்கேன்."

போன வருஷம் துறையிலிருந்து படகுக்குள் நேராகக் கால் வைக்கலாம். இப்போது படகு கீழே கிடந்தது. இறங்குவதற்குச் சித்தப்பா மூன்று மரப்படி அடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு சிஸ்டராகக் கையைப் பிடித்து இறக்கினார்.

"பாத்து மதர், கடல் கொஞ்சம் எறங்கியிருக்கு."

மதர் படகில் நின்று படியையும் பார்த்தார், துறைச் சுவரில் வெயிலில் செத்து வெளுத்துக் கிடந்த மட்டி வரிசையையும் பார்த்தார். அந்த வரிசை அவர் தலைக்கு மேலே இருந்தது. "இது மொத்தமும் கடல் எறங்கினதா?" என்றார்.

"எறங்கினது ஏறும் மதர்," என்றார் சித்தப்பா.

நான் ஏறவில்லை. "என்னடீ, வயித்து வலியா?" என்று சித்தப்பா கேட்டார். படகு இருமிக்கொண்டு கிளம்பிப் போனது.

சித்தி அவர் மறந்து வைத்துவிட்டுப் போன தொப்பியோடு துறைக்கு வந்தாள். போனையும் மறந்திருந்தார். அது சித்தியின் ஏப்ரன் பையில் இருந்தது. என் பக்கத்தில் வந்து நின்று படகைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நேத்து அவர்கிட்ட என்னமோ சொன்னியாமே. நெசமா?"

"நெசம் சித்தி."

"ஆக்டோபஸ் மாதிரி நெசமா?"

"இல்ல."

"மாதா மேல ஆணை?"

"மாதா மேல."

சித்தி என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். நான் பொய் சொல்லும்போது என் இடது புருவம் ஏறுமாம், அதைத் தேடியிருப்பாள். அது ஏறவில்லை.

"அப்புறம் இங்க எதுக்குடீ நிக்கற?" என்றாள்.

ஓடினேன். சிலைகளிடம் தரல்லி போட்டு, மீன் காட்டி, கதை சொல்லி முடித்துத்தான் சித்தப்பா மேட்டுக்கு வருவார். குளிக்கிற கடற்கரையில் வாடகைப் பெடல் படகுகள் மஞ்சளாக நின்றன. ஒன்றைத் தள்ளினேன். காவலுக்கு இருக்கிற வீத்தோ விசிலை ஊதிக்கொண்டு, என் பெயரைக் கத்தியபடி இடுப்பளவு தண்ணீர் வரை வந்தான்.

"இம்மா! திருநாளும் அதுவுமாத் திருட்டா? இரு, உங்க சித்தப்பன்கிட்ட சொல்றேன்!"

"அவர்கிட்டதான் போறேன்! சொல்லிர்றேன்!"

பெடல் படகு நத்தைக்குத் தங்கச்சி. தொடை எரிய மிதித்தேன். முனைப் பக்கம் எங்கள் படகு நின்றிருந்தது, கடற்புறாக்கள் வட்டமிட்டன. தரல்லி போட்டாயிற்று. நான் மேட்டுக்குப் போய்ச் சேரும்போது அது இன்ஜினைக் கிளப்பிவிட்டது.

தூண் மேல் இறங்கினேன். மஞ்சள் படகு என்னை விட்டுத் தானாக நகர்ந்து போனது.

நேற்றுக் கழுத்துக் குழி. இன்று தண்ணீர் மார்புக்கும் கீழே. அலை இறங்குகிற நேரம், அதனால்தான், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்ன பிறகுதான் அது தாத்தாவின் குரல் மாதிரி இருந்தது தெரிந்தது. காலடியில் கல் வெதுவெதுப்பாக இருந்தது, நெருப்பு அணைந்து கொஞ்ச நேரமான அடுப்பு மாதிரி. தூணைச் சுற்றி எப்போதும் மேய்கிற வெள்ளி மீன்கள் ஒன்றுகூட இல்லை. குமிழிகள் மட்டும் முன்பு மணி மணியாக வந்தவை, இப்போது முஷ்டி முஷ்டியாக வந்து வெடித்தன. கந்தக வாடையில் கண் எரிந்தது.

எங்கள் படகின் வயிறு தண்ணீருக்குள் என் மார்பு ஆழத்துக்கு இறங்கும். அது எனக்குத் தெரியும், நான்தானே ஒவ்வொரு பனிக்காலமும் அதற்குப் பெயிண்ட் அடிக்கிறேன்.

படகு திரும்பியது. சித்தப்பா சுக்கானைப் பிடித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கொடிமரத்தையும் மணிக்கூண்டையும் பார்த்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே சிஸ்டர்மார் மாதா பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். மேல்தளத்தில் ஒரு இளம் சிஸ்டர் மட்டும் முன்னால் நின்றாள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"மதர்! தண்ணி மேல ஒரு பொண்ணு! கையத் தூக்கிட்டு நிக்குது! மதர், இன்னிக்கு மாதா திருநாள்!"

மதர் எர்சிலியா வந்து எட்டிப் பார்த்தார். "மாதா பெடல் படகுல வரமாட்டா. ஒக்காரு," என்றவர், சித்தப்பா பக்கம் திரும்பி, "மகனே, நிறுத்து," என்றார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். ஹாரனை அடித்தார்.

"இம்மா! வெளையாட இதுவாடீ எடம்? நவுரு! நீந்திப் போ!"

"நீந்தல! நிக்கிறேன்!"

"நவுருங்கறேன்!"

"எங்க நிக்கிறேன்னு பாருங்க சித்தப்பா! எங்கன்னு பாருங்க!"

அவர் பார்த்தார். இடது பக்கம் கொடிமரம், மரத்துக்கு நேர். வலது பக்கம் மணிக்கூண்டு, பாறைக்கு நேர். நடுவில் நான். நாற்பது கோடையாக அவரை ஏமாற்றாத இரண்டு கோடுகள் என் மேல் வந்து வெட்டிக்கொண்டன. நான் கைகளை இறக்கிவிட்டு அசையாமல் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றது அன்றுதான். நகர்ந்துவிடலாம் போலத்தான் இருந்தது. நகர்ந்தால் அது விளையாட்டாகிவிடும்.

இன்ஜின் அலறியது. படகு பின்னால் போக முயன்று, உடம்பெல்லாம் நடுங்கி, ஆனாலும் தன் கனத்தில் என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தது. நீல முனை பெரிதாகி, பெரிதாகி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து நின்றது. தொட்டேன்.

குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குள் பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நான்கு வெள்ளை முக்காடுகள், நான்கு வட்ட வாய்கள். எல்லாரும் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் பெருவிரலை ஆட்டிக் காட்டினேன்.

சித்தப்பா இன்ஜினை அணைத்தார். செருப்பைக் கழற்றினார். துணியோடு பக்கத்தில் இறங்கி என்னோடு தூண் மேல் நின்றார். தண்ணீர் அவருக்கு வயிற்றளவுதான் இருந்தது. சட்டைப் பையில் இருந்த தரல்லி கூட நனையவில்லை.

"சூடா இருக்கு," என்றார்.

"ஆமா."

காலால் கல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு, "எங்கப்பா நாற்காலி போட்டு ஒக்காந்திருந்தாரு," என்றார். "போனது வரும்னாரு."

அவர் முகம் எனக்குப் பொறுக்கவில்லை. "வந்துச்சில்ல சித்தப்பா?" என்றேன்.

"பாதிதான் வந்துச்சு." தலையை ஆட்டினார். "பாதிதான் இம்மா. மீதிக்குத்தான் அவரு சாவுற வரைக்கும் ஒக்காந்திருந்தாரு. நாங்க யாரும் அதச் சொல்லல."

பெரிய குமிழி ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவில் எழுந்து உடைந்தது.

"தரை ஏறுது," என்றார் சித்தப்பா. மிக மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடும் என்பது போல. அவர் துப்பவில்லை. எங்கும் துப்புவதற்கு இடமும் இல்லை, காலடியில் எல்லாம் அதுதான்.

மேலேயிருந்து மதர் எட்டிப் பார்த்தார். "மகனே, நாங்க எறங்கணுமா, நீங்க ஏறப்போறீங்களா? முடிவு பண்ணிச் சொல்லுங்க. சிஸ்டர் கமில்லாவுக்கு வாந்தி வருது."

சித்தப்பாவை நான்தான் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினேன். ஏறியதும் சான் சோஸ்யோ படத்தைப் பக்குவமாக உரித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, ஆழம் காட்டுகிற கருவியைப் போட்டார். அது கூவியது. கூவட்டும் என்று விட்டுவிட்டு, பெரிய சுற்றாகச் சுற்றி, வெளிக்கடல் வழியாகக் கரைக்கு வந்தோம். சிஸ்டர்மார் திரும்பவும் பாடவில்லை. மதர் மட்டும் என்னிடம் வந்து, "உன் பேரு என்ன?" என்றார்.

"இம்மாகொலாத்தா."

"மாசில்லாதவளா?" மேலும் கீழும் பார்த்தார். "உன் காலுல பாசி. போய்க் கழுவு." என் தலையில் கையை வைத்தார். வைத்த கையைத் துறை வரும்வரை எடுக்கவில்லை.

துறையில் சித்தி தொப்பியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பா படியேறி வந்து தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். "கீழ் அலமாரித் தட்டையும் எறக்கணுமா?" என்று கேட்டார். சித்தி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வீத்தோவின் பெடல் படகைத் தேடப் போவதாகச் சொல்லிவிட்டு நழுவினேன்.

அன்றோடு படகு கரையேறிவிட்டது. சித்தப்பா இப்போது சித்தியின் கூடப்பிறந்த மாமனின் பேக்கரியில் வண்டி ஓட்டுகிறார். வண்டியையும் மெதுவாகத்தான் ஓட்டுகிறார், தெருவுக்கு அடியில் ஏதோ இருப்பது போல. அவர் கதை சொல்லாததால் ரொட்டி விற்பனை ஒன்றும் குறையவில்லை என்று மாமன் சொல்கிறார். ஊரில் பாதிப் பேர் இன்னும் கடல் இறங்கியிருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களோடு சித்தப்பா சண்டைக்குப் போவதில்லை. வாசல் பையில் மட்டும் தன் சட்டை ஒன்றை மடித்து வைத்திருக்கிறார்.

படகின் வயிற்றுக் கண்ணாடியைக் கழற்றிச் சித்தி சாப்பாட்டு மேஜையாக்கிவிட்டாள். அதில்தான் சாப்பிடுகிறோம். சாப்பிடும்போது ஆட்டம் வந்தால் சித்தி டம்ளர்களைப் பிடிப்பாள். சித்தப்பா சட்டென்று குனிந்து, தட்டை ஒதுக்கிவிட்டு, கண்ணாடி வழியாகச் சமையலறைத் தரையைப் பார்ப்பார். பழைய பழக்கம்.

"என்ன சித்தப்பா தெரியுது? ரோமாக்காரன் எவனாச்சும்?"

"இல்ல. என் செருப்புதான்."

சொல்லிவிட்டு, கால்களை மெல்லத் தரையிலிருந்து தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொள்வார். நானும் தூக்கி வைத்துக்கொள்வேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.